‘நீந்தக் கூடாது’ (1921): அந்தப் பையன்களைத் துரத்துவது யார்?

கரித்துண்டு எழுதியது:

அமெரிக்க ஓவியர் நார்மன் ராக்வெல் வரைந்த இந்தப் படம் உங்களில் பலருக்குப் பழக்கமாக இருக்கும். 1921 ஜூன் 4 தேதியிட்ட ‘சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்’ வார இதழின் அட்டை இது. மூன்று பையன்கள் தலைதெறிக்க ஓடுகிறார்கள், கூடவே ஒரு நாயும் ஓடுகிறது. உடுத்திக்கொள்ள நேரமில்லாமல் துணிமணியைக் கையில் அள்ளிக்கொண்டிருக்கிறார்கள். பின்னால் ஒரு பலகை, அதில் ‘நீந்தக் கூடாது’ என்ற எழுத்து. அவ்வளவுதான் படம்.

இதைப் பகிர்கிறவர்கள் பெரும்பாலும் ‘அந்தக் காலத்துப் பிள்ளைகள் எவ்வளவு சுதந்திரமாக இருந்தார்கள்’ என்று ஒரு வரி எழுதி முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. இந்தப் படத்தில் எதையெல்லாம் காட்டாமல் விட்டிருக்கிறார் என்று பாருங்கள். நீச்சலைப் பற்றிய படம், ஆனால் ஒரு சொட்டுத் தண்ணீர் கண்ணில் படவில்லை. குளமா, ஓடையா, ஆறா, தெரியாது. துரத்துகிறவரும் இல்லை. நிலத்துக்காரரா, போலீஸ்காரரா, பையன்களில் ஒருவனுடைய அப்பாவா? அல்லது யாருமே துரத்தவில்லையா? செய்யக் கூடாததைச் செய்கிற பயத்தில், எங்கோ ஒரு சத்தம் கேட்டதுமே எடுத்த ஓட்டமா?

ஓவியரோ அச்சுத்துறையோ தெரிந்தவர்கள், அமெரிக்காவில் இருக்கிறவர்கள், உங்கள் வாசிப்பைச் சொல்லுங்கள்.

பின்னட்டை எழுதியது:

கேள்வி நன்றாக இருக்கிறது. ஆனால் இது அட்டைப்படம் என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும். அன்றைக்கு போஸ்ட் இதழின் விலை ஐந்து சென்ட். வாரத்துக்கு 20 லட்சம் பிரதிகளுக்கு மேல் போய்க்கொண்டிருந்தது. கடையில் மற்றப் பத்திரிகைகளுக்கு நடுவே கிடக்கிற அந்த அட்டை, கடந்து போகிறவரிடம் ஒரு நொடியில் முழுக் கதையையும் சொல்லியாக வேண்டும். அதற்கு எது தேவையோ அதை மட்டும் வைத்திருக்கிறார். எங்கே என்பதைப் பலகை சொல்கிறது. என்ன நடந்தது என்பதை அந்த அரைகுறைக் கோலம் சொல்கிறது. இனி என்ன நடக்கும் என்பது அவர்கள் முகத்தில் இருக்கிறது. இவ்வளவும் சொன்ன பிறகு தண்ணீரையும் வரைந்தால் சொன்னதையே திரும்பச் சொன்னதாகிவிடும்.

இன்னொரு காரணம் அச்சு சார்ந்தது. போஸ்ட் அட்டைகள் அப்போது கறுப்பு, சிவப்பு என்று இரண்டே மையில்தான் அச்சாயின. ராக்வெல்லின் முதல் முழுவண்ண போஸ்ட் அட்டை 1926 பிப்ரவரியில்தான் வந்தது. ஆக 1921இல் நீலத் தண்ணீருக்கும் பச்சை மரத்துக்கும் அச்சில் வழியே கிடையாது. சிவப்பும் கறுப்பும் நன்றாக வேலை செய்கிற இடம் மனிதத் தோல். ஓடிச் சிவந்த பையன்களின் உடம்பு அந்த இரண்டு மைக்கென்றே பிறந்த விஷயம் மாதிரி அமைந்துவிட்டது.

அப்புறம் படத்தின் விளிம்பான அந்தக் கட்டம். ஒரு பையன் கட்டத்தைத் தாண்டிப் பாதி வெளியே போய்விட்டான், இன்னொருவன் இன்னும் முழுதாக உள்ளே வரவில்லை. மூன்று பேரையும் முழுசாக நடுவில் நிறுத்தியிருந்தால் அவர்கள் நமக்காக நின்று காட்டுகிற மாதிரி ஆகியிருக்கும். வெட்டியதால்தான் ஓட்டம் நிற்கவில்லை. கரித்துண்டு கேட்கிற ‘யார் துரத்துகிறார்’ என்ற கேள்வியை எழுப்புவதே இந்த வெட்டுதான். கட்டத்துக்கு வெளியே ஒரு உலகம் இருக்கிறது என்று நம்ப வைத்துவிட்டால், அங்கே ஒரு ஆளை நாமே நிறுத்திக்கொள்வோம்.

ஹட்சன்கரை எழுதியது:

மூல ஓவியம் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்டாக்பிரிட்ஜ் என்ற சின்ன ஊரில், ராக்வெல் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. ராக்வெல் கடைசிக் காலத்தில் வாழ்ந்து, 1978இல் இறந்ததும் அந்த ஊரில்தான். அருங்காட்சியகத்தின் கீழ்த்தளத்தில் அவருடைய போஸ்ட் அட்டைகளை ஆண்டு வரிசையில் மாட்டியிருக்கிறார்கள். 1916 முதல் 1963 வரை 320க்கும் மேல். அந்தச் சுவரை ஒட்டி நடந்து பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். தொடக்க வருடங்களில் எங்கு பார்த்தாலும் பையன்கள்தான்.

படம் உருவான விதம் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். 1930களின் நடுப்பகுதி வரை ராக்வெல் புகைப்படத்தை வைத்துக்கொண்டு வரையவில்லை. மாடலை எதிரே நிறுத்தித்தான் வரைவார். ஓடுகிற பையனை எப்படி நிறுத்துவது? தூக்கிய காலுக்கு அடியில் செங்கலையோ புத்தகக் கட்டையோ முட்டுக்கொடுத்து அசையாமல் நிற்கச் சொல்வார். பையன்கள் பொறுமையிழந்து நெளிவார்கள். அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். மேசைமேல் நிக்கல் எனப்படும் ஐந்து சென்ட் காசுகளை அடுக்கி வைத்து, அவ்வப்போது சில காசுகளை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நகர்த்துவார். நகர்ந்த காசெல்லாம் பையனுக்கு. காசு நகர்வதைப் பார்த்தபடியே அவன் நிற்பான். கட்டுக்கடங்காத ஓட்டம் என்று நாம் ரசிப்பது, கால் மரத்துப்போக நின்ற ஒரு பையனின் உழைப்பு.

ராக்வெல்லுக்கு இந்தக் கிராமத்துப் பிள்ளைப் பருவம் சொந்தமும் இல்லை. 1894இல் நியூயார்க் நகரத்தில் பிறந்து அடுக்குமாடி வீடுகளில் வளர்ந்தவர். ஒல்லியான உடம்பு, விளையாட்டில் அண்ணன் ஜார்விஸ்தான் கெட்டிக்காரர். கோடை விடுமுறையில் குடும்பத்தோடு கிராமப்புறப் பண்ணை வீடுகளில் போய்த் தங்குவார்கள். அந்தச் சில வாரங்கள்தான் அவர் மனதில் தங்கின. உலகம் எப்படி இருக்க வேண்டும் என்று தான் ஆசைப்பட்டாரோ அப்படியே வரைந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். இந்த அட்டையை வரைந்தபோது அவர் இருந்தது நியூ ரோஷெல், நியூயார்க்கை ஒட்டிய புறநகர்.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். அமெரிக்காவில் நகரங்களில் வாழ்கிறவர்கள் பாதிக்கு மேல் என்று முதல்முறையாகக் காட்டியது 1920 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. அடுத்த வருடமே இந்தப் படம். ஐந்து சென்ட் கொடுத்து வாங்கியவர்களில் எத்தனையோ பேர், பிறந்த கிராமத்தைவிட்டு நகரத்தில் வேலைக்கு வந்துவிட்ட ஆண்கள். இந்தப் படம் பேசுவது அவர்களிடம். அந்தப் பையன்களை இப்போது யாரும் துரத்தவில்லை. வயதுதான் துரத்தியது, அது ஏற்கெனவே பிடித்தும்விட்டது.

மறுபார்வை எழுதியது:

ஹட்சன்கரை சொல்வது அழகாக இருக்கிறது. ஆனால் யாருடைய பிள்ளைப் பருவம் என்ற கேள்வியைக் கேட்காமல் இந்தப் படத்தை என்னால் பார்க்க முடியாது.

1919 ஜூலை 27, சிகாகோ. யூஜின் வில்லியம்ஸ், 17 வயதுக் கறுப்பினப் பையன். நல்ல வெயில். நண்பர்களோடு சேர்ந்து மிச்சிகன் ஏரியில் ஒரு மிதவையில் விளையாடிக்கொண்டிருந்தான். மிதவை நகர்ந்து 29ஆம் தெரு அருகே வெள்ளையர்கள் தங்களுடையது என்று வைத்திருந்த பகுதிக்குப் போய்விட்டது. கரையிலிருந்து ஒரு வெள்ளைக்காரர் கல்லெறிந்தார். யூஜின் மூழ்கி இறந்தான். அங்கிருந்த போலீஸ்காரர் கல்லெறிந்தவரைக் கைது செய்ய மறுத்தார். அதிலிருந்து மூண்ட கலவரம் ஒரு வாரம் நீடித்தது. 38 பேர் இறந்தார்கள், அவர்களில் 23 பேர் கறுப்பினத்தவர்.

அந்த ஏரியில் பலகை கிடையாது. தண்ணீருக்கு நடுவே கோடு கிழிக்கவும் முடியாது. எல்லாருக்கும் தெரிந்த, எழுதாத எல்லை அது. இரண்டு வருடம்கூட ஆகவில்லை, நாட்டின் மிகப் பெரிய வார இதழ்களில் ஒன்று, தடுத்த இடத்தில் நீந்திய பையன்களைப் பார்த்துச் சிரிக்கச் சொல்கிறது. எழுதி வைத்த தடையை மீறியவர்களுக்கு ஒன்றும் ஆகாது என்று பார்க்கிறவருக்குத் தெரியும். தெரிவதால்தான் சிரிப்பு வருகிறது. சேட்டை என்று பெயர் வாங்குவதற்கே ஒரு உரிமை வேண்டியிருந்தது. அதே காரியத்தை வேறு நிறத்துப் பையன் செய்தால் அதற்குக் குற்றம் என்று பெயர்.

போஸ்ட் இதழின் ஆசிரியர் ஜார்ஜ் ஹொரேஸ் லோரிமர், கறுப்பினத்தவரை வேலைக்காரர்களாக அல்லாமல் வரையக் கூடாது என்று தன்னிடம் சொன்னதாக ராக்வெல்லே பிற்காலத்தில் ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். ஆகவே அந்தச் சுவரில் வரிசையாக நிற்கிற பையன்கள் எல்லாரும் ஏன் வெள்ளையர்கள் என்பதற்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை.

பின்னட்டை எழுதியது:

சிகாகோ சம்பவத்தைச் சொன்னதற்கு நன்றி, அதைப் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். ஆனாலும் படத்தை வரலாற்றின் குற்றப்பத்திரிகையாக மட்டும் ஆக்கிவிட வேண்டாம். கையில் துணியோடு ஓடுகிற பயத்தை அவர் உண்மையாக வரைந்திருக்கிறார். முகங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். பிடிபட்டால் என்ன ஆகும் என்ற கலவரம் நிஜமானது. சிரிப்பது நாம்தான், பையன்கள் சிரிக்கவில்லை.

மறுபார்வை எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பயம் உண்மையானது என்பதால்தான் எனக்குக் கோபமே வருகிறது. பயத்தை இவ்வளவு நன்றாக அறிந்த ஒருவருடைய கையிலிருந்து மற்றப் பிள்ளைகளின் பயம் எத்தனை வருடம் வராமலே இருந்தது என்று யோசிக்கிறேன்.

ஹட்சன்கரை எழுதியது:

பயத்தை அறிந்தவர் என்பதற்கு ஒரு செய்தி. 1916 மே 20 தேதியிட்ட அவருடைய முதல் போஸ்ட் அட்டையில், குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு போக வேண்டிய ஒரு பையனை இரண்டு பையன்கள் கேலி செய்வார்கள். மூவருக்கும் மாடல் ஒரே பையன்தான், பில்லி பெய்ன். ராக்வெல்லுக்கு மிகவும் பிடித்த மாடல், பல அட்டைகளில் இருக்கிறான். பதின்வயதிலேயே ஜன்னல் விளிம்பிலிருந்து விழுந்து இறந்துவிட்டான். விபரீதம் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பது ராக்வெல்லுக்குத் தெரியும். தெரிந்தும் கட்டத்துக்கு வெளியே வைத்தார். அதை ஏமாற்று என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இரட்டைச்சடை எழுதியது:

இவ்வளவு நேரமும் பையன்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். 1953 மே 23 அட்டைக்கு வாருங்கள். பள்ளி முதல்வர் அறைக்கு வெளியே பெஞ்சில் ஒரு சிறுமி உட்கார்ந்திருக்கிறாள். ஒரு கண் வீங்கிக் கறுத்திருக்கிறது, முட்டியில் கட்டு, சடை கலைந்திருக்கிறது. முகத்தில் காது வரை சிரிப்பு. பாதி திறந்த கதவு வழியாக உள்ளே முதல்வரும் அலுவலகப் பெண்மணியும் தெரிகிறார்கள். இவளை என்ன செய்வது என்ற குழப்பம் அவர்களுக்கு. இவளுக்கு ஒரு குழப்பமும் இல்லை.

யாரோடு சண்டை, எதற்காகச் சண்டை, ஒன்றும் தெரியாது. எதிராளி படத்தில் இல்லை. ஆனால் இவள் ஜெயித்துவிட்டாள் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. பெண்பிள்ளை அடித்துக்கொண்டு வந்தால் வெட்கப்பட வேண்டும் என்று எதிர்பார்த்த காலத்தில், வெட்கம் துளியும் இல்லாத முகம் இது. எனக்கு 1921 படத்தைவிட இது பல மடங்கு உசத்தி. பையன்கள் தடையை மீறிவிட்டு ஓடுகிறார்கள். இவள் மீறிவிட்டு உட்கார்ந்திருக்கிறாள்.

மாடலாக இருந்தது வெர்மான்ட் மாநிலத்தில் ஆர்லிங்டன் ஊரைச் சேர்ந்த மேரி வேலன் என்ற சிறுமி. அப்போது ராக்வெல் அந்த ஊரில்தான் இருந்தார். அவளுடைய கண்ணில் காயம் இல்லை. கரியைப் பூசிப் பார்த்தார், சரியாக வரவில்லை. கடைசியில் உண்மையாகவே கண் கறுத்த பிள்ளை வேண்டும் என்று தேட, அந்தச் செய்தி பரவி, மாசசூசெட்ஸின் வூஸ்டர் நகரத்திலிருந்து இரண்டு கண்ணும் கறுத்த ஒரு குழந்தையை அழைத்து வந்தார்கள். கண்ணைச் சுற்றியிருக்கும் அந்த நிறத்தைப் பாருங்கள், அது கற்பனையில் வருகிற நிறமில்லை. ஓவியம் இப்போது கனெடிகட் மாநிலத்தில் ஹார்ட்ஃபோர்ட் நகரத்து வாட்ஸ்வொர்த் அத்தீனியத்தில் இருக்கிறது.

பின்னட்டை எழுதியது:

நல்ல எடுத்துக்காட்டு. அப்படியானால் 1958 செப்டம்பர் 20 அட்டையையும் சேர்த்துக்கொள்வோம். வீட்டைவிட்டு ஓடிவந்த சின்னப் பையனும் பெரிய உருவமுள்ள போலீஸ்காரரும் உணவகத்தில் பக்கத்துப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் படம். ஸ்டூலுக்குக் கீழே பையனின் துணி மூட்டை, குச்சியில் கட்டியது. போலீஸ்காரர் அவன் பக்கம் குனிந்து பேசுகிறார். மாடலாக இருந்தவர் உண்மையிலேயே மாசசூசெட்ஸ் மாநிலப் போலீஸ்காரர், ரிச்சர்ட் கிளெமன்ஸ். பையன் எட்டு வயது எடி லாக்.

இதில் எனக்குப் பிடித்தது கல்லாவுக்குப் பின்னால் நிற்கும் மூன்றாவது ஆள். முதலில் ஒரு இளைஞரை வைத்துப் புகைப்படம் எடுத்திருந்தார்கள். ராக்வெல் அவரை எடுத்துவிட்டு, வாயில் சிகரெட்டோடு கொஞ்சம் வயதான, உலகம் பார்த்த ஒருவரை வைத்தார். தானும் ஒரு காலத்தில் ஓடிப்போக நினைத்த ஆள் என்று அந்த முகம் சொல்கிறது. ஒரு முகத்தை மாற்றியதில் படத்தின் பொருளே மாறிவிட்டது.

கரித்துண்டு எழுதியது:

நீங்கள் இருவரும் சொன்னதை வரிசையாக வைத்துப் பார்த்ததும் ஒன்று பிடிபடுகிறது. பெரியவர் எங்கே நிற்கிறார் என்று கவனியுங்கள். 1921இல் கட்டத்துக்கு வெளியே, கண்ணுக்குத் தெரியாத ஆள். 1953இல் பாதி திறந்த கதவுக்கு உள்ளே. 1958இல் பக்கத்து ஸ்டூலில், சிரித்த முகத்தோடு. நெருங்கிக்கொண்டே வருகிறார். நெருங்க நெருங்கப் பிள்ளைக்கும் பயம் குறைகிறது.

ராக்வெல்லின் வயதைப் பொருத்திப் பாருங்கள். 1921இல் அவருக்கு 27. ஓடுகிற பையன்களின் பக்கம் நின்று வரைகிறார். 1958இல் 64. இப்போது கல்லாவுக்குப் பின்னால் நிற்கும் அந்த ஆளின் பக்கம். ஏக்கம் என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம், ஆனால் அந்த ஏக்கம் இடம் மாறியிருக்கிறது. முதலில் பையனாக இருக்க ஆசை. பிறகு பையனைப் புரிந்துகொள்கிற பெரியவராக இருக்க ஆசை.

மறுபார்வை எழுதியது:

அப்படியானால் வரிசையை 1958இல் நிறுத்தக் கூடாது. 1963இல் போஸ்ட் இதழைவிட்டு வெளியே வந்தார். 1964 ஜனவரி 14 தேதியிட்ட ‘லுக்’ இதழில் அவர் வரைந்தது, நியூ ஆர்லியன்ஸில் 1960 நவம்பர் 14 அன்று வெள்ளையர் பள்ளியான வில்லியம் பிரான்ட்ஸ் தொடக்கப் பள்ளிக்குள் போன ஆறு வயதுக் கறுப்பினச் சிறுமி ரூபி பிரிட்ஜஸை. வெள்ளைச் சட்டை போட்ட சிறுமி, கையில் புத்தகமும் அடிக்கோலும். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு மத்திய அரசின் காவல் அதிகாரிகளான மார்ஷல்கள். சுவரில் இனவசைச் சொல், எறிந்து உடைந்த தக்காளி.

இதை 1921 படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் பிள்ளை நகர்ந்துகொண்டிருக்கிறது. இரண்டிலும் பின்னால் எழுத்து, அங்கே பலகையில், இங்கே சுவரில். இரண்டிலும் கட்டம் ஆட்களை வெட்டுகிறது. அங்கே பையன்களின் உடம்பை, இங்கே மார்ஷல்களின் தலையை. இரண்டிலும் பயமுறுத்துகிறவர் படத்தில் இல்லை. பின்னட்டை சொன்ன அந்த உத்தி அப்படியே திரும்ப வருகிறது. ஆனால் இந்தச் சிறுமி எந்தத் தவறும் செய்யவில்லை, ஓடவும் இல்லை. பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள். கூட்டம் நிற்கிற இடத்தில் நாம் நிற்கிறோம், தக்காளி நம் பக்கமிருந்துதான் போயிருக்கிறது. கையில் அந்த உத்தி இருந்தும் இங்கே வந்து சேர அவருக்கு 43 வருடம் ஆனது. நான் அவரைக் குறைத்துப் பேசவில்லை. 70 வயதை நெருங்கும்போது, தன்னை வளர்த்த வாசகர்கள் கோபப்படுவார்கள் என்று தெரிந்தே வரைந்தார். கோபக் கடிதங்களும் வந்தன. 2011இல் அந்த ஓவியத்தைச் சில மாதங்கள் வெள்ளை மாளிகையில் மாட்டினார்கள்.

இரட்டைச்சடை எழுதியது:

இதைப் படித்துவிட்டு மறுபடியும் போய்ப் பார்த்தேன். பெரியவர் எங்கே நிற்கிறார் என்ற கரித்துண்டின் அளவுகோலை இங்கே வைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. பக்கத்திலேயே நான்கு பெரியவர்கள், ஆனால் ஒருவருக்கும் முகம் இல்லை. குனிந்து பேசும் ஆள் இல்லை. 1958 பையனுக்குப் போலீஸ்காரரின் முகம் கிடைத்தது, இவளுக்கு அவர்களின் கைப்பட்டைதான்.

ஆனால் இன்னும் ஒரு படம் இருக்கிறது, அதையும் விடக் கூடாது. 1967 மே 16 ‘லுக்’ இதழ், சிகாகோவின் புறநகரான பார்க் ஃபாரஸ்ட்டுக்குக் குடிவந்த கறுப்பினக் குடும்பங்களைப் பற்றிய கட்டுரைக்காக வரைந்தது. வீட்டுச் சாமான் வண்டிக்கு முன்னால் இரண்டு கறுப்பினப் பிள்ளைகள், எதிரே மூன்று வெள்ளைப் பிள்ளைகள். கறுப்பினச் சிறுமியின் கையில் வெள்ளைப் பூனை, எதிர்ப்பக்கம் கறுப்பு நாய். இரண்டு பக்கத்துப் பையன்களிடமும் பேஸ்பால் கையுறை. இன்னும் யாரும் பேசவில்லை. இடைவெளி அப்படியே இருக்கிறது. என் கண்ணுக்கு, இந்தக் கையுறைகள் போதும். சாயங்காலத்துக்குள் யார் வீட்டு ஜன்னல் கண்ணாடியாவது உடையும்.

மறுபார்வை எழுதியது:

பின்னால் இருக்கும் வீட்டு ஜன்னலில் திரைக்குப் பின்னிருந்து எட்டிப் பார்க்கும் முகத்தைக் கவனித்தீர்களா? பிள்ளைகள் விளையாடிவிடுவார்கள் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. கண்ணாடி உடைந்தால் அந்த முகம் யார் வீட்டுக் கதவை முதலில் தட்டும் என்பதுதான் எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. ராக்வெல்லும் அதை வரையவில்லை.